9 வயது மகளின் ஆப்பிரிக்கச் சுருள்முடி: இரண்டு வருடமாகத் தோளைத் தாண்டவில்லை

கடலோரம்:

வணக்கம். நாங்கள் இருப்பது கானாவின் அக்ராவில். மகளுக்கு 9 வயது. அவள் அப்பா கானாக்காரர், முடியும் முழுக்க அப்பா வழி. 4சி வகை என்று இங்கே சலூனில் சொல்கிறார்கள்; பேனா ரீஃபிலில் சுற்றியது போன்ற பொடிச் சுருள். இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும், விட்டால் காதுக்கு மேலே போய் நின்றுவிடும். இரண்டு வருடமாக இதே நீளம்தான்.

இப்போது செய்துவருவது: வாரம் இரண்டு முறை இங்கத்திய கறுப்புச் சோப்பான அலாட்டா சமினா போட்டுத் தலைக்குக் குளியல். நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, வேரிலிருந்து நுனி வரை சீவி, இறுக்கமாக இரண்டு குடுமி. விடுமுறை என்றால் சலூனில் கார்ன்ரோ பின்னல் (தலைத்தோலோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போடுவது). பள்ளி நாட்களில் நெற்றியோரம் ஜெல் தடவி பிரஷ்ஷால் படிய வைப்பேன். படுப்பது பருத்தி உறைத் தலையணையில்.

பிரச்சினைகள்: சீவும்போது வலி, அழுகை, சீப்பு நிறையக் குட்டைத் துண்டுகள். நெற்றியின் இரண்டு ஓரமும் மெலிந்துவிட்டது. பின்னல் போட்ட மறுநாள் அந்த இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வருகிறது. பின்மண்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செதில் படிந்த இடம் இருக்கிறது, எண்ணெய் வைத்தும் போகவில்லை. டிசம்பரில் சகாராவிலிருந்து வீசும் வறண்ட ஹர்மத்தான் காற்று தொடங்கினால் முடி வைக்கோல் மாதிரி ஆகிவிடும். சலூனில் சிறுவர்களுக்கான ரிலாக்ஸர், அதாவது சுருளை நேராக்கும் ரசாயனம், போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். போடலாமா? எங்கே தவறு செய்கிறேன்?

---

அகலப்பல்சீப்பு:

தோழி, முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆப்பிரிக்க முடி மாதத்துக்குச் சுமார் 0.8 செ.மீ. வளரும், நம் ஊர் முடி 1.2 செ.மீ. அளவில் வளரும். மெதுவான வளர்ச்சிதான் என்றாலும் இரண்டு வருடத்தில் 18, 19 செ.மீ. வந்திருக்க வேண்டும். அது சீப்பிலும் தலையணையிலும் துண்டு துண்டாகப் போயிருக்கிறது. வேரில் வருவதும் நுனியில் ஒடிவதும் சரிக்குச் சரி, அதனால் நீளம் அசையாமல் நிற்கிறது. இனி உங்கள் வேலை முடியை வளர்ப்பதல்ல, வளர்ந்ததைக் காப்பாற்றுவது.

சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் சீவும்போது விழுவதை எல்லாம் வெள்ளைத் தாளில் சேருங்கள். ஒரு முனையில் பொடி வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத குட்டைத் துண்டு என்றால் நடுவில் ஒடிந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உண்டு, அதற்குக் கவலை வேண்டாம். ஒடிந்த துண்டுகள்தான் உங்கள் எதிரி.

ஏன் ஒடிகிறது? இந்த முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, ரிப்பன் போலத் தட்டையாக இருக்கும். தோலுக்குள் இருக்கும் வேர்க்காலே வளைந்ததுதான். வெளியே வரும் இழை தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு சுருள்கிறது. முறுக்கு விழும் ஒவ்வொரு இடமும் மெலிவான இடம். சீப்பின் பல் அங்கேதான் மாட்டும், அங்கேதான் ஒடியும். இன்னொன்று, தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் தானாக வழிந்து நுனி வரை போய்விடும். இந்தச் சுருளில் ஏறி இறங்கி அது நுனியை எட்டவே எட்டாது. ஆகவே தலையில் மிகப் பழையதும் மிகக் காய்ந்ததும் நுனிதான்.

காயவைத்து, எண்ணெய் வைத்து, வேரிலிருந்து வழித்துச் சீவு என்பது நேர்முடிக்கான பழக்கம். அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். இந்த முடியைக் காய்ந்த நிலையில் சீப்பால் தொடவே கூடாது. ஈரத்தில் சுருள் தளரும், கண்டிஷனர் இருந்தால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சிக்கை நுனியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை தலைக்கு ஊற்றினால் போதும். வாரம் இரண்டு முறை அதிகம். அன்றைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் அந்த அவசரம் முழுதும் சீப்பில் முடியாக வரும்.

காய்ந்த முடியை 6 பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். பாகத்துக்கு அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், நடுமுடியிலும் நுனியிலும் மட்டும். அரை மணி ஊறட்டும். ஷாம்புவை அப்படியே ஊற்றாமல், ஒரு பங்கு ஷாம்புவுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, மூக்கு வைத்த பாட்டிலில் நிரப்பி வகிடு வகிடாக விடுங்கள். சல்பேட் இல்லாத ஷாம்பு நல்லது. விரல் நுனியால் தலைத்தோலை மட்டும் தேய்க்க வேண்டும். முடியை உச்சியில் குவித்து வைத்துக் கசக்கினால் அங்கேயே பாதிச் சிக்கு விழுந்துவிடும். வழிந்து வரும் நுரையே நீளத்தைக் கழுவிவிடும்.

அடுத்து சிக்கெடுப்பது. ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் சொட்டும் நிலையிலேயே கண்டிஷனர் தாராளமாகத் தடவுங்கள். பாகத்துக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையக் கூடாது. நுனிக்கு 3 செ.மீ. மேலே இடது கையால் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த 3 செ.மீ.யை மட்டும் விரலால் பிரிக்க வேண்டும். பிடித்த கை இழுப்பை வாங்கிக்கொள்வதால் தலையில் வலி தெரியாது. பிறகு பிடியை மேலே நகர்த்தி அடுத்த 3 செ.மீ. வேர் வரை விரல் தடையில்லாமல் போன பிறகுதான் பல் அகன்ற சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. முடித்த பாகத்தை உடனே இரட்டைப் புரியாக முறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்து மறுபடி சிக்கிக்கொள்ளும். முறுக்கியபடியே அலசலாம். சொட்டை வடிக்கத் துவாலை வேண்டாம், அதன் கண்ணியில் முடி மாட்டும். பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றுங்கள்.

ஈரம் இருக்கும்போதே அடைக்க வேண்டும்: முதலில் அலசத் தேவையில்லாத கண்டிஷனர், அதன் மேல் ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) அல்லது எண்ணெய். எண்ணெய் தானே ஈரம் தராது, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் தடுக்கும். குளித்து முடித்துக் காய்ந்த பிறகு எண்ணெய் தடவினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள்.

ராத்திரிக்குச் சாட்டின் தொப்பி, அல்லது தலையணைக்குச் சாட்டின் உறை. பருத்தி, எண்ணெயை உறிஞ்சி, முடியையும் உரசும்.

நுனியை உற்றுப் பாருங்கள். ஒற்றை இழை தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். விரலிடுக்கில் உருட்டினால் மணல் பருக்கை போலத் தட்டுப்படும். அதை அவிழ்க்க முயல வேண்டாம்; முடிச்சுக்கு 3 மி.மீ. மேலே, முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். தையல் கத்தரி நுனியைப் பிசிறாக்கும், பிசிறு மேலேறிப் பிளக்கும். முதல் தடவை 2 செ.மீ. வரை வெட்ட வேண்டியிருக்கலாம். மனது கேட்காதுதான், ஆனால் பிளந்த நுனியை வைத்துக்கொண்டு நீளம் சேர்க்க முடியாது. அதன் பிறகு 3, 4 மாதத்துக்கு ஒருமுறை அரை செ.மீ. போதும்.

---

சருமநலம்:

தோல் மருத்துவத் துறையில் இருப்பதால் இரண்டு விஷயங்களை முதலில் சொல்கிறேன். முடி வளர்ப்பை விட இவை அவசரம்.

பின்மண்டைச் செதில். பொடுகு பெரும்பாலும் கைக்குழந்தைக்கு வரும், பிறகு பருவ வயதுக்குப் பின் வரும். இடைப்பட்ட வயதில் ஒரே இடத்தில் வட்டமாகச் செதில் இருந்தால், தலையில் வரும் படர்தாமரை இல்லை என்று உறுதியாகும் வரை அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் இது மிகவும் சாதாரணம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: அந்த இடத்தில் முடி தோலோடு ஒட்ட ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிகிறதா? கழுத்தின் பின்புறம் நெறி கட்டியிருக்கிறதா? இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மேலே பூசும் களிம்பு இதைக் குணப்படுத்தாது. பூஞ்சை முடியின் தண்டுக்குள்ளும் வேர்க்காலுக்குள்ளும் இருக்கிறது, களிம்பு அங்கே போகாது. மருத்துவர் செதிலைச் சுரண்டிப் பரிசோதித்து, எடைக்குத் தக்கபடி வாய்வழி மருந்து தருவார். மைக்ரோஸ்போரம் வகைப் பூஞ்சைக்கு கிரிசியோஃபல்வின் நன்றாக வேலை செய்யும். வழக்கமாக 6 முதல் 8 வாரம், கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சை என்றால் டெர்பினாஃபின் பொருத்தம். கடையில் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இருமுறை போட்டால் மற்றவர்களுக்குப் பரவுவது குறையும், அவ்வளவுதான். சிகிச்சை முடியும் வரை, மேலே சொன்ன 7 நாள் கணக்கை விட்டு இதைப் பின்பற்றுங்கள். சீப்பு, தொப்பி, கிளிப் எதையும் யாரோடும் பகிர வேண்டாம்; வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தலையையும் பாருங்கள். அந்த இடம் வீங்கி, தொட்டால் கொழகொழவென்று சீழ் கோத்திருந்தால் அன்றே காட்ட வேண்டும். தாமதித்தால் தழும்பு விழுந்து அங்கே முடியே வராமல் போகலாம்.

நெற்றியோரம். பின்னல் போட்ட மறுநாள் வரும் கொப்புளம் இழுப்பால் வேர்க்கால் வீங்கியதன் அடையாளம். இதுதான் இழுவை முடியிழப்பின் ஆரம்பம். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகி மூடிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. 9 வயதில் கவனித்துவிட்டீர்கள், நல்ல வேளை. குறைந்தது 3 முதல் 6 மாதம்: நெற்றியோர முடியை எந்தப் பின்னலிலும் சேர்க்க வேண்டாம், குடுமி தளர்வாக, இடம் மாற்றி மாற்றி. ஜெல்லும் பிரஷ்ஷும் அறவே வேண்டாம். பின்னல் முடிந்த பிறகு புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். தோல் இழுபடுகிறது என்றாலோ, வலிக்கிறது என்று குழந்தை சொன்னாலோ அதே இடத்தில் அவிழ்த்துவிடுங்கள். "முதல் நாள் வலிக்கும், பிறகு சரியாகும்" என்று சலூனில் சொல்வதை ஏற்க வேண்டாம். வலி என்பதே வேர் பிடுங்கப்படுவதன் அறிகுறி.

ரிலாக்ஸர் வேண்டாம். அதில் "லை" என்று சொல்லும் வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். "லை இல்லை" என்று சிறுவர் படம் போட்டு விற்பதில் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்து அதே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே கடுமையான காரம். முடியின் உள்கட்டைத் தாங்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறாக்கிவிடும், அது திரும்பாது. செதிலும் கொப்புளமும் உள்ள தலையில் போட்டால் இரசாயனப் புண் வரும் ஆபத்து மிக அதிகம். நேரான முடியும் வேரில் புதிதாக வரும் சுருளும் சந்திக்கும் கோட்டில்தான் அதிகம் ஒடியும் என்பதால், ஏற்கனவே உள்ள சிக்கல் இரட்டிப்பாகும். முடி நேராக்கும் பொருட்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதாக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு 2022-ல் வெளியானது: 70 வயதுக்குள் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களிடம் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் 4.05 சதவீதம். இது தொடர்புதான், இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் 9 வயதில் தொடங்க எந்த அவசியமும் இல்லை.

---

கடலோரம்:

மிக்க நன்றி டாக்டர், நன்றி தோழி. நீங்கள் சொன்ன கரும்புள்ளிகள் அந்த இடத்தில் இருக்கின்றன. இந்த வாரமே காட்டுகிறோம்.

இன்னும் சில கேள்விகள். கறுப்புச் சோப்பு இயற்கையானது என்றுதான் பயன்படுத்தினேன், நிறுத்த வேண்டுமா? ஊரிலிருந்து அம்மா சீயக்காய்த்தூளும் விளக்கெண்ணெயும் அனுப்பியிருக்கிறார்கள். சாட் நாட்டுச் செபே பொடி என்று ஒன்றையும் சந்தையில் காட்டினார்கள். ஸ்பிரே பாட்டிலில் கிளிசரின் கலந்து தினமும் அடிக்கலாமா?

---

செக்கெண்ணெய்:

அழகுசாதனக் கலவைகள் செய்வது என் தொழில். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கறுப்புச் சோப்பு வாழைத்தோல், கோக்கோ ஓடு போன்றவற்றை எரித்த சாம்பலின் காரமும் எண்ணெயும் சேர்ந்து உருவாவது. இயற்கைதான், ஆனால் சோப்பு சோப்புதான். அமில காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 9, 10 இருக்கும். முடிக்கு ஏற்றது 4.5 முதல் 5.5. காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் கிளம்பி நிற்கும், ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். தண்ணீர் கடினமாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகவும் படியும். உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வேறு வழியே இல்லாத நாளில் போட்டால், கடைசி அலசலுக்கு 500 மி.லி. தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றுங்கள். தலையில் புண் இருக்கும் வரை வினிகர் கூடாது.

சீயக்காயின் குற்றம் அதன் துகள். நேர்முடியில் அலசினால் போய்விடும். இந்தச் சுருளுக்குள் மாட்டினால் ஒரு வாரம் வரை உதிர்ந்துகொண்டிருக்கும், உரசி ஒடிக்கவும் செய்யும். வெந்தயம் அரைத்துப் போடுவதும் இப்படித்தான். அம்மா அனுப்பியதை வீணாக்க வேண்டாம்: இரண்டு மேசைக்கரண்டி தூளை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மல் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் ஷாம்புவுக்குப் பதிலாகப் பயன்படுத்துங்கள். கண்ணில் படாமல். செம்பருத்தி இலை கிடைத்தால் அதைக் கசக்கி வடித்த கொழகொழப்பு சிக்கெடுக்க மிக நன்றாக வழுக்கும். வெண்டைக்காயை வேகவைத்து வடித்தாலும் அதே குணம், அக்ராவில் அதற்குப் பஞ்சமில்லை.

தேங்காய் எண்ணெய் பற்றி நம்மவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மும்பை ஆய்வாளர்கள் 2003-ல் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் நிறைய உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, தண்டுக்குள் நுழைந்துவிடும். நனையும்போது முடி ஊதிப் பெருப்பதும் குறையும். குளிக்கும் முன் போடச் சொன்னது அதற்காகத்தான். ஆனால் தினமும் தலைத்தோலில் ஊற்ற வேண்டாம். தோலில் இருக்கும் மலசீசியா பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. சிலருடைய முடி தேங்காய் எண்ணெய்க்கு விறைத்துப்போகும். இரண்டு மூன்று வாரத்தில் அப்படித் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதன் பசைத்தன்மை நுனியை அடைக்க உதவும், ஆனால் தனியாகப் போட்டால் இந்த முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பளி மாதிரி திரண்டுவிடும். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு நான்கு பங்கு வேறு மெல்லிய எண்ணெய், நுனிக்கு மட்டும்.

உங்கள் ஊரில் அடைப்பதற்கு ஷியாவை விஞ்சியது இல்லை, வடகானாவிலிருந்து வருவதுதானே. 100 கிராம் ஷியாவை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். பாதி இறுகியதும் கரண்டியால் அடித்தால் வெண்ணெய் போல வரும். வெளியே வைத்து மெதுவாக ஆறவிட்டால் ரவை ரவையாகத் திரிந்துவிடும். கெட்டுப்போகவில்லை, தடவத்தான் கஷ்டம். மறுபடி உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் சரியாகும். ஒரு தலைக்கு ஒரு மேசைக்கரண்டி தாராளம்.

செபே என்பது சாட் நாட்டுப் பெண்கள் குரோட்டன் செடியின் விதை, கிராம்பு, மஹ்லப் எனும் ஒரு வகைச் செர்ரி விதை முதலியவற்றை வறுத்துப் பொடித்துச் செய்வது. அவர்கள் அதைத் தலைத்தோலில் போடுவதில்லை. எண்ணெயோடு குழைத்து நீளத்தில் மட்டும் பூசிப் பின்னி, நாட்கணக்கில் தொடாமல் விடுகிறார்கள். நீளம் சேர்வது அந்தப் பூச்சும் பின்னலும் ஒடியாமல் காப்பதால். பொடி மூக்கில் ஏறும், துணியில் கறை விடும். படர்தாமரை சரியாகும் முன் நினைக்கவே வேண்டாம்.

கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து முடிக்குத் தரும். ஹர்மத்தான் காற்றில் இழுக்க ஈரம் இருக்காது, அப்போது முடியின் உள்ளிருப்பதை இழுத்து வெளியே விட்டுவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 200 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கிளிசரின் நிறுத்தம். கண்டிஷனரும் மேலே ஷியாவும் மட்டும், வெளியே போகும்போது சாட்டின் உள்வைத்த துணி. வீட்டில் கலக்கும் தண்ணீர் ஸ்பிரேவில் பூஞ்சை பிடிக்கும், ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் கொட்டிவிடுங்கள். தினமும் தொப்பலாக நனைப்பதும் கூடாது: ஊதி, சுருங்கி, ஊதி, சுருங்கி முடி தொய்ந்துபோகும்.

ஈரமான ஒரு உதிர்ந்த முடியை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் நலம். சட்டென்று அறுந்தால் ஈரம் போதவில்லை. இழுக்க இழுக்க ரப்பர் போல நீண்டு திரும்பாவிட்டால் ஈரம் மிஞ்சிப் புரதம் குறைவு. அப்போது புரதம் சேர்ந்த கண்டிஷனர் மாதம் ஒருமுறை.

---

நூல்கண்டு:

அக்கா, பின்னல் பத்தி நான் சொல்றேன். இப்போதைக்குச் செயற்கை முடி சேர்க்காதீங்க. அதோட எடையே நெத்தியோரத்துக்கு ஆகாது. சொந்த முடியில இரட்டைப் புரி போதும், உள்ளங்கை அகலத்துக்கு நாலு அஞ்சு புரி வர்ற மாதிரி. ரொம்பப் பொடியாப் போட்டா அவிழ்க்கும்போது ஒடியும். பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல ஒரே புரியை விடாதீங்க, தலைக்கு ஊத்துறதும் புரியோடவே ஊத்தலாம்.

நீளமாத் தெரியணும், சுருங்கக் கூடாதுன்னா நூல் சுத்துங்க. அயர்ன், டிரையர் எதுவும் வேணாம். நைஜீரியாவுல யோருபா பெண்கள் இதை இருன் கிகோன்னு சொல்வாங்க, கானாவுலயும் பாட்டிமாருக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க. கறுப்பு நூலை இரட்டையா, நுனி வரை சுத்தி முடிக்கிற அளவுக்குத் தாராளமா எடுத்துக்கோங்க. முக்கால்வாசி காய்ஞ்ச முடியில 3 செ.மீ. சதுரமா ஒரு பாகம். வேர்ல ஒரு விரல் நுழையற தளர்வுல முடிச்சு, அப்புறம் அரை அரை செ.மீ. இடைவெளி விட்டு நுனி வரை சுத்தி முடிங்க. ராத்திரி விட்டுக் காலையில அவிழ்த்தா முடி இழுபட்டு நேராத் தெரியும். வேர்ல இறுக்கிட்டா இதுவும் பின்னல் மாதிரியே கெடுதல்தான். ஒஜைகெரேன்னு நைஜீரியப் புகைப்படக்காரர் 1968-லேர்ந்து இந்த மாதிரித் தலையலங்காரங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தார். நூல் சுத்தின முடி கோபுரம் மாதிரி நிக்கிற படங்களை மகளுக்குக் காட்டுங்க. தன் முடியால என்ன முடியும்னு பிள்ளை பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. பின்னல் அவிழ்க்கிற நாள்லதான் பாதி முடி போகும். வேர்ப்பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு வளையம் இருக்கும் பாருங்க: அழுக்கும், உதிர்ந்தும் விழ முடியாம மாட்டின முடியும் சேர்ந்தது. அதைப் பிரிக்காம தண்ணி ஊத்தினீங்கன்னா சிமெண்ட் மாதிரி இறுகிடும், அப்புறம் கத்தரிதான். அதனால அவிழ்த்ததும் அந்த வளையத்துல இரண்டு சொட்டு எண்ணெயோ கண்டிஷனரோ வெச்சு, விரலால பக்கவாட்டுல பிரிச்சு, மாட்டின முடியை உருவி எடுத்துட்டு அப்புறம் தலைக்கு ஊத்துங்க. ஆறு வாரப் பின்னல்ல இரண்டாயிரத்துலேர்ந்து நாலாயிரம் முடி வரைக்கும் இப்படி வரலாம், கை நிறைய இருக்கும், பயந்துடாதீங்க. தினமும் விழ வேண்டியது சேர்ந்து விழுது.

பள்ளிக்கூடம்: கானாவுல நிறைய அரசுப் பள்ளிகள்ல பெண் பிள்ளைங்க முடியை ஒட்ட வெட்டியாகணும்னு விதி இருக்கு. மேல்நிலைக்கு எங்கே சேர்க்கப் போறீங்கன்னு இப்பவே விசாரிச்சு வெச்சுக்கோங்க, பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க. 2021-ல, ஜடைமுடியை மத அடையாளமா வெச்சிருக்கிற ரஸ்தஃபாரி மாணவர்கள் இரண்டு பேருக்கு ஜடைமுடியோட சேர அக்ரா உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்துச்சு, அது மத நம்பிக்கை சம்பந்தப்பட்ட வழக்கு.

---

கடலோரம்:

இன்று சிக்கெடுத்ததை வெள்ளைத் தாளில் எண்ணினேன். மொத்தம் 112. குமிழ் உள்ளவை 31, மீதி 81 துண்டுகள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை செ.மீ. நீளம்தான். இதை வைத்து என்ன செய்வது? முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

---

அகலப்பல்சீப்பு:

ஒன்றரை செ.மீ. துண்டுகள் என்றால் ஒடிவது நுனியில். நடுமுடி இன்னும் தாங்குகிறது, நல்ல செய்தி. நுனியை வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அளப்பதற்கு நான்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்: உச்சி, பிடரி, இரண்டு காதுக்கு மேலே. தலைக்கு ஊற்றிய அன்று, கண்டிஷனர் உள்ள முடியை நேராக இழுத்துப் பிடித்துத் தையல் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். காய்ந்த நீளத்தை அளக்கவே வேண்டாம். சுருக்கத்தில் முக்கால்வாசி வரை மறைந்துவிடும், அதைப் பார்த்து மனம் சோர்வீர்கள். மாதாமாதமும் வேண்டாம், 3 மாதத்துக்கு ஒருமுறை. வெட்டியதையும் சேர்த்து 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் காப்பாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். பிடரி மட்டும் பின்தங்கினால் தலையணை அல்லது சட்டைக் காலர் உரசுகிறது. உச்சி பின்தங்கினால் அங்கே கண்டிஷனர் சரியாகப் போகவில்லை, அந்தப் பாகத்தை இரண்டாகப் பிரித்துத் தடவுங்கள்.

நெற்றியோரத்தை அளக்க முடியாது. மாதம் ஒருமுறை ஒரே ஜன்னலோரம், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். முதலில் பூனைமுடி போல மெல்லியதாக வரும். அதைப் படிய வைக்க மட்டும் பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள்.